விழவே விழாத பங்கு: வாட்ஸ்அப் டீலரிடம் ஏமாந்த கதை

அன்லிஸ்டட் ஷேர், அதாவது சந்தையில் பட்டியலிடப்படாத கம்பெனியின் பங்கு, வாங்கித் தருகிறேன் என்று யாராவது வாட்ஸ்அப்பில் பேச ஆரம்பித்தால், பணம் போடுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். எனக்குப் போனது சீட்டு எடுத்த பணம், 2,88,000 ரூபாய்.

2022 ஏப்ரல். மகள் நீட் படிப்புக்காக ஆன்லைனில் பாடம் நடத்தும் ஒரு எட்டெக் ஆப்பில் சேர்ந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. பாடம் நன்றாகத்தான் நடத்தினார்கள், அதில் குறை சொல்ல மாட்டேன். அந்தக் கம்பெனியின் பங்கே கிடைக்கும் என்று நண்பர் ஒருவர் மூலம் ஒரு டீலர் அறிமுகமானார். "போன மாசம் பைஜூஸ் மதிப்பு 2,200 கோடி டாலர் சார். இது அடுத்த பைஜூஸ். ஒன்றரை வருஷத்துல ஐபிஓ." ஐபிஓ என்றால் கம்பெனி முதல்முறையாகப் பொதுமக்களுக்குப் பங்கு விற்றுச் சந்தைக்கு வருவது. (அடுத்த பைஜூஸ் என்றது மட்டும் பலித்தது.)

720 ரூபாய் வீதம் 400 பங்கு. பணத்தை ஒரு தனிநபர் கணக்குக்கு அனுப்பினேன். ஒன்பது நாள் வயிற்றில் புளியைக் கரைத்தது. பத்தாம் நாள் பங்கு என் டீமேட் கணக்கில் (பங்குகளை மின்னணு வடிவில் வைக்கும் கணக்கு) ஏறியதும் நிம்மதியாகத் தூங்கினேன். பங்கு என் பெயரில் இருக்கிறது என்பதற்குத்தான் அது சாட்சி, அதற்கு விலை இருக்கிறது என்பதற்கு இல்லை. டீமேட் ஆப்பில் விலை வரவேண்டிய இடத்தில் வெறும் கோடுதான் இருந்தது.

விலை டீலரிடமிருந்து வந்தது. தினமும் காலை ஒன்பதேகாலுக்கு, சந்தை திறக்கும் அதே நேரத்தில், பச்சை எழுத்தில் ஒரு பட்டியல் படம். 740, 765, 810. அந்த விலைக்கு யார் வாங்கினார்கள் என்று ஒருநாளும் நான் கேட்கவில்லை.

அந்த செப்டம்பரில் பைஜூஸ், 2021 மார்ச்சோடு முடிந்த ஆண்டின் கணக்கை ஒன்றரை வருடம் கழித்து வெளியிட்டது. நஷ்டம் 4,588 கோடி ரூபாய். டீலர் அனுப்பும் பட்டியலில் எங்கள் பங்கு விலை அசையவில்லை. 2023 மே மாதம் அமெரிக்காவில் மாணவர்களுக்கு ஆன்லைனில் பாட உதவி தரும் செக் (Chegg) நிறுவனம், சாட்ஜிபிடியால் புது மாணவர்கள் சேர்வது குறைகிறது என்று சொன்னதும் ஒரே நாளில் அதன் பங்கு விலை ஏறக்குறையப் பாதியாகிவிட்டது. டீலரைக் கேட்டால், "அது அமெரிக்கா சார்." சந்தையில் உள்ள பங்கு கெட்ட சேதி வந்தால் விழும். விழுவதைப் பார்த்து அரைக் காசுக்காவது விற்றுவிட்டு வெளியே வரலாம். என்னுடையது விழவேயில்லை. எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டிய இடம் அதுதான்.

ஜூனில் பைஜூஸின் கணக்குத் தணிக்கையிலிருந்து டெலாய்ட் நிறுவனம் விலகிய செய்தி வந்ததும் விற்கச் சொன்னேன். அன்று பட்டியலில் 860. "இன்னைக்கு பையர் இல்லை சார், ஒரு வாரம் பொறுங்க." மூன்று வாரம் கழித்து அவர் கொண்டுவந்த விலை 190. பட்டியலில் போடுவது 'இண்டிகேட்டிவ்' விலையாம், அதாவது வெறும் உத்தேச விலை. ரோஷத்தில் மறுத்துவிட்டேன். கொடுத்திருந்தால் 76,000 ரூபாயாவது மிஞ்சியிருக்கும். அதற்கப்புறம் அந்த விலைக்கும் ஆள் வரவில்லை.

எல்லாம் முடிந்தபின், கம்பெனிகளின் கணக்கு பதிவாகும் மத்திய அரசின் எம்சிஏ தளத்தில் 100 ரூபாய் கட்டிக் கம்பெனியின் கணக்கை எடுத்துப் பார்த்தேன். ஆசிரியர் சம்பளத்தைப் போல இரண்டு மடங்கு விளம்பரச் செலவு. அந்த நூறு ரூபாயை முதலில் செலவழித்திருக்கலாம். பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் புகார்த் தளமான ஸ்கோர்ஸுக்குப் போனால், பட்டியலிடப்படாத கம்பெனிகள் மீதான புகார் அங்கே எடுபடாது. இப்படிப்பட்ட பங்குகளை விற்கும் தளங்களைப் பற்றி 2024 டிசம்பரில் செபியே எச்சரித்தது, எனக்குத்தான் காலம் கடந்துவிட்டது.

அப்படியும் வாங்கியே தீருவேன் என்றால், "இதே பங்கை இன்றைக்கே நான் விற்றால் என்ன விலைக்கு எடுத்துக்கொள்வீர்கள்?" என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். இன்னொன்று, ஐபிஓ வந்தாலும் நம்மைப் போல முன்பே வாங்கியவர்கள் 6 மாதம் விற்க முடியாது. இதை என்னிடம் யாரும் சொல்லவில்லை.

2025 நவம்பரில் 109 ரூபாய்க்கு வெளியான பிசிக்ஸ்வாலா என்ற எட்டெக் கம்பெனியின் பங்கு 145 ரூபாயில் சந்தையில் பட்டியலானது. அன்று மாலையே புது எண்ணிலிருந்து அதே டீலர்: "எட்டெக் திரும்புது சார், பாத்தீங்களா?" கூடவே பச்சை எழுத்தில் ஒரு பட்டியல். என் கம்பெனியின் பெயர் அதில் இல்லை.