என்ஃபீல்டா, மார்ட்டினி-ஹென்றியா: எதைப் பழுதுபார்ப்பது எளிது?

இரண்டும் பிரிட்டிஷ் படையின் துப்பாக்கிகள், இரண்டுக்கும் கரிமருந்துதான். ஆனால் பழுதுபார்க்க உட்கார்ந்தால், 1853ஆம் ஆண்டு வடிவமைப்பான என்ஃபீல்டுதான் என் கைக்கு இணக்கம்.

சுத்தியல்போல் அடிக்கும் பாகமான குதிரையைப் பாதி இழுத்து நிறுத்தி, பக்கத்திலுள்ள இரண்டு திருகாணிகளைச் சற்றே தளர்த்தி, அவற்றின் தலையில் மெல்லத் தட்டுங்கள். குதிரையை இயக்கும் விசைப்பொறி முழுவதும் தகட்டோடு மரத்தை விட்டுக் கிளம்பும். நெம்பினால் மரம் பிளக்கும். உள்ளே மடித்த எஃகுப் பட்டையாக இருக்கும் முதன்மை ஸ்பிரிங்கை அதற்குரிய கவ்வியால் அழுத்தித்தான் எடுக்க வேண்டும். காடிக்குப் பொருந்தாத திருப்புளியால் சிதைத்த திருகாணித் தலையைக் கண்டால் எனக்கு வயிறு எரிகிறது. அசல் திருகாணிக்கு ஈடு ஏது?

1871இல் ஏற்கப்பட்ட மார்ட்டினி-ஹென்றியில் வெளியே குதிரையே இல்லை. சுருள் ஸ்பிரிங்கும், தோட்டாவை அடித்து வெடிக்கவைக்கும் அடிமுனையும், குழலின் பின்புறத்தை மூடும் அடைப்புக்கட்டைக்குள் ஒளிந்திருக்கின்றன. கட்டையைத் தாங்கும் பிளவு ஊசியைக் கழற்றவே பொறுமை வேண்டும்.

ஒன்றில் மட்டும் மார்ட்டினி மேல். நெம்புகோலை இறக்கினால் பின்வாய் திறந்து, தோட்டா இருக்கிறதா என்பது கண்ணுக்கே தெரியும். குழலின் முன்வாய் வழியே மருந்து நிரப்பும் என்ஃபீல்டிலோ பழைய மருந்து இன்னும் குழலடியில் கிடக்கலாம். முதலில் குழலுக்குள் கோலை விட்டு ஆழத்தை அளந்து பாருங்கள்.