நீளமான ஆங்கிலச் சொல்லை அசையாகப் பிரிப்பதா, உறுப்பாகப் பிரிப்பதா?

நீளமான ஆங்கிலச் சொல்லைக் கண்டால் உடைத்துப் படிக்க இரண்டு வழி. ஒலியைக் கேட்டு அசை அசையாக வெட்டலாம், இல்லை பள்ளியில் பகுபத உறுப்பிலக்கணத்தில் பகுதி, விகுதி என்று பிரித்தோமே, அதுபோல முன்னொட்டு, வேர், பின்னொட்டு என்று கழற்றலாம். இரண்டையும் பயன்படுத்திப் பார்த்து நான் உறுப்புப் பக்கம் வந்துவிட்டேன்.

அசையின் வசதி தெரிந்ததுதான்: பொருள் தெரியாத சொல்லையும் வாய்விட்டுப் படித்துவிடலாம். ஹெலிகாப்டர், ஹெ-லி-காப்-டர், முடிந்தது. ஆனால் அது கிரேக்கத்தில் சுருளைக் குறிக்கும் 'ஹெலிகோ', இறகைக் குறிக்கும் 'ப்டெர்' என இரண்டே துண்டு. அசை பிரித்தால் பி ஒரு பக்கம், டி ஒரு பக்கம் போய், இறகு நடுவில் முறிந்துவிடுகிறது.

எனக்கு விஷயத்தை முடித்துவைத்தது ஸ்பெல்லிங். டிஸப்பியரில் எத்தனை எஸ், டிஸ்சாட்டிஸ்ஃபைடில் எத்தனை என்று காதைக் கேட்டால் அது மழுப்பும். கழற்றிப் பாருங்கள்: அப்பியர் எஸ்ஸில் தொடங்குவதில்லை, அதனால் 'டிஸ்' தரும் ஒன்று மட்டும், சாட்டிஸ்ஃபைடு தன் எஸ்ஸோடு வருகிறது, அதனால் ஒட்டுமிடத்தில் இரண்டு. அன்நெசஸரிக்கு முதலில் இரண்டு என் வருவதும் இதே கணக்கு. கவர்ன்மென்ட்டை எல்லோரும் கவர்மென்ட் என்றுதான் சொல்கிறோம், விழுங்கிய 'என்' எழுத்து எந்த அசையிலும் அகப்படாது, கவர்ன் + மென்ட் என்றதும் தானாக வந்து நிற்கும். சைனில் வாய்மூடிக் கிடக்கும் ஜி, சிக்னலில் பேசுகிறது. மஸிலில் கேட்காத சி, மஸ்குலரில் கேட்கிறது. சொந்தக்காரச் சொல்லை விசாரித்தால் போதும், மனப்பாடம் பாதி குறையும்.

சறுக்கும் இடமும் உண்டு. அங்கிள் 'அன்'னில் தொடங்கினாலும் அது முன்னொட்டு இல்லை. அண்டர், ஸ்டாண்ட் இரண்டும் தெரிந்தவருக்கு அண்டர்ஸ்டாண்டின் பொருள் விளங்கிவிடாது. உறுப்பு பிரிக்கக் கொஞ்சமாவது சொற்கள் கையில் இருக்க வேண்டும், அதனால் இப்போதுதான் எழுத்துக்கூட்டும் குழந்தைக்கு அசைதான் முதலில் சரிப்படும் என்று நினைக்கிறேன்; அந்த வயதுக்குச் சொல்லிக்கொடுத்த பழக்கம் எனக்கு இல்லை.

அப்புறம் உச்சரிப்பு. ஃபோட்டோகிராஃபில் அழுத்தம் முதல் அசையில், ஃபோட்டோகிராஃபரில் இரண்டாவதில், ஃபோட்டோகிராஃபிக்கில் மூன்றாவதில். ஃபோட்டோ, கிராஃப் என்ற உறுப்புகளின் எழுத்து மூன்றிலும் அப்படியே இருக்கிறது, ஆனால் அழுத்தம் எங்கே விழும் என்று அவை சொல்லாது. அதற்கு மட்டும் அகராதியில் அசை பிரித்துப் போட்டிருப்பதைப் பார்த்துக்கொள்கிறேன்.