ஆம்பிள்சைடு ஆன்லைன் பாடத்திட்டம்: பாளையங்கோட்டை வீட்டிலிருந்து ஒரு மதிப்பீடு

பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே கற்பிக்கும் கிறிஸ்தவத் தாய்மார்களுக்கு இன்று கிடைக்கும் பாடத்திட்டங்களில் பல அமெரிக்காவில் தயாராகி டாலர் கணக்கில் விற்கப்படுபவை. அவற்றின் நடுவே ஆம்பிள்சைடு ஆன்லைன் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. எங்கள் வீட்டில் மூன்று பிள்ளைகளுக்கும் இதையே அடித்தளமாக வைத்திருக்கிறேன். ஒரு தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பத்தின் அன்றாட வாழ்க்கையோடு இவ்வளவு இயல்பாகப் பொருந்திப்போகும் வேறொரு திட்டத்தை நான் பார்க்கவில்லை. ஆனால் அதன் வரலாற்றுப் பகுதியை அப்படியே எடுத்துக்கொண்டால், நம் பிள்ளைகள் இங்கிலாந்தின் மன்னர்களை வரிசையாக அறிந்து, தங்கள் ஊரை அறியாதவர்களாக வளர்வார்கள் என்பதையும் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும்.

சார்லட் மேசன் (1842–1923) என்ற ஆங்கிலேயக் கல்வியாளர், இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்திலுள்ள ஆம்பிள்சைடு என்னும் சிற்றூரில் 1892-ஆம் ஆண்டு ஆசிரியைகளுக்கான பயிற்சி நிலையம் ஒன்றைத் தொடங்கினார். அவருடைய கல்விக் கொள்கைகளைப் பின்பற்றி, வீட்டுக்கல்வி அளித்து வந்த தாய்மார்கள் சிலர் சேர்ந்து உருவாக்கியதே இந்தத் திட்டம். பள்ளிக்கு முந்தைய வயது தொடங்கிப் பன்னிரண்டாம் ஆண்டு வரை இது நீள்கிறது. ஒவ்வோர் ஆண்டும் 36 வாரங்கள். அவை 12 வாரங்கள் கொண்ட மூன்று பருவங்களாகப் பிரிகின்றன. எந்த வாரத்தில் எந்த நூலின் எந்த அதிகாரத்தை வாசிக்க வேண்டும் என்ற அட்டவணை ஆயத்தமாகக் கிடைப்பதால், இரவில் பாத்திரம் கழுவி முடித்த பிறகு மறுநாள் பாடத்தைத் தேடி அலையும் சுமை தாய்க்கு இல்லை. மூன்று பருவங்களுக்கு இடையில் கிறிஸ்துமஸ் நாட்களுக்கும், லெந்து காலத்தின் இறுதி வாரத்திற்கும், மே மாத வெயிலுக்கும், பிள்ளைகளின் விடுமுறை வேதாகமப் பள்ளிக்கும் தாராளமாக இடம் இருக்கிறது.

இத்திட்டத்தின் முதல் சிறப்பு, பாடவேளைகளின் சுருக்கம். எட்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு ஒரு பாடம் 20 நிமிடங்களைத் தாண்டக் கூடாது என்பது மேசன் வகுத்த விதி. இதன் பொருள், பிள்ளை குறைவாகப் படிக்க வேண்டும் என்பதன்று. அந்த இருபது நிமிடங்களும் மனம் சிதறாமல் அமர்ந்திருக்கும் பழக்கத்தை வளர்க்க வேண்டும் என்பதே. எங்கள் வீட்டில் காலை உணவு முடிந்ததும் குடும்ப ஜெபம்; பிறகு தமிழ் வேதாகமத்திலிருந்து வாசிப்பும் மனப்பாட வசனமும்; அதன்பின் கணக்கு, வரலாறு, கையெழுத்து என்று மாறி மாறிப் பாடங்கள். குழாயில் தண்ணீர் வரும் நேரத்தில் எழுந்து போய்க் குடங்களை நிரப்பிவிட்டு வந்தாலும் பாடத்தின் ஓட்டம் கெடுவதில்லை, ஏனெனில் ஒரு பாடம் முடிந்து மற்றொன்று தொடங்கும் இடைவெளிகள் அடிக்கடி வருகின்றன. மதிய உணவுக்கு முன்பே சிறியவர்களின் பாடங்கள் நிறைவடைந்துவிடும். பிற்பகல் முழுவதும் விளையாட்டுக்கும், கைவேலைக்கும், வீட்டுப் பொறுப்புகளுக்கும் உரியது. கீரை ஆய்வதும் துணி மடிப்பதும் கல்வியின் பகுதிகளாகவே மதிக்கப்படுகின்றன.

இரண்டாவது சிறப்பு, கேட்டதைத் திரும்பச் சொல்லும் முறை. ஒரு பகுதியை ஒரே ஒரு முறை மட்டும் வாசிப்போம். வாசித்து முடித்தவுடன் பிள்ளை அதைத் தன் சொற்களில் சொல்ல வேண்டும். கேள்வித்தாள், கோடிட்ட இடத்தை நிரப்புதல், பயிற்சி ஏடு ஆகியவற்றின் வேலையைப் பெரும்பாலும் இந்த ஒன்றே செய்துவிடுகிறது. நம் வீடுகளில் இம்முறை மிக ஆழமாக வேரூன்றக் கூடியது, ஏனெனில் கேட்பதற்கு வீட்டில் ஆள் இருக்கிறார்கள். ஆங்கிலத்தில் வாசித்த கதையை என் மகள் திண்ணையில் அமர்ந்திருக்கும் ஆச்சியிடம் தமிழில் சொல்வாள். ஆச்சிக்கு ஆங்கிலம் தெரியாது என்பதால், "அப்புறம் என்னட்டி ஆச்சு? அந்தப் பையன் ஏன் திரும்பி வந்தான்?" என்று உண்மையாகவே தெரிந்துகொள்ளும் ஆவலோடு கேட்பார்கள். விடை முன்பே தெரிந்த ஆசிரியரிடம் ஒப்புவிப்பதற்கும், தெரியாத ஒருவருக்கு விளங்கும்படி எடுத்துரைப்பதற்கும் உள்ள வேறுபாடு பெரிது. காரணங்களை விட்டுவிடாமலும், நிகழ்ச்சிகளை முன்பின்னாக மாற்றாமலும் சொல்லும் திறமை இப்படித்தான் அவளுக்கு வந்தது. ஏறத்தாழப் பத்து வயதில் இதையே எழுத்தில் செய்யத் தொடங்குகிறார்கள். அதற்குள் கட்டுரை எழுதத் தேவையான பயிற்சி நாவிலேயே நிறைவேறியிருக்கும்.

இனி வரலாறு. முதலாம் ஆண்டிலிருந்து வரலாறு காலவரிசையில் முன்னேறுகிறது. நான்காம் ஆண்டில் 1700-களுக்கு வந்து சேர்கிறது. முதன்மை நூல்கள் பிரிட்டன், அமெரிக்கா ஆகிய நாடுகளை மையமாகக் கொண்டவை. அந்நாட்டுப் பிள்ளைகளுக்காக எழுதப்பட்டவை என்பதால் அதில் குற்றம் காண இடமில்லை. ஆனால் நாம் அந்தச் சட்டகத்தை மட்டும் வைத்துக்கொண்டு, உள்ளே நம் வரலாற்றை அமைக்க வேண்டும். 1700-களைப் படிப்பதற்குப் பாளையங்கோட்டையை விடச் சிறந்த இடம் எனக்குத் தெரியவில்லை. ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கியதையும், தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715-இல் அங்கே அச்சாகி முடிந்ததையும் முதலில் வாசித்தோம். பிறகு 1778-இல் மற்றொரு ஜெர்மானிய மிஷனரியான சுவார்ட்ஸ் ஐயர் இங்கே வந்து, பிராமண விதவையான கிளாரிந்தா அம்மையாருக்கு ஞானஸ்நானம் கொடுத்ததையும், அந்த அம்மையாரின் முயற்சியில் 1785-இல் எழுந்த சிற்றாலயத்தையும் படித்துவிட்டு, அந்த ஆலயத்துக்கே பிள்ளைகளை அழைத்துச் சென்றேன். ஊரார் பாப்பாத்தியம்மாள் கோயில் என்றழைக்கும் அக்கட்டடத்தின் சுவரைத் தொட்டுப் பார்த்த பிள்ளைக்குத் திருச்சபை வரலாறு வெறும் பாடமாக இருக்க வாய்ப்பில்லை.

அதே நூற்றாண்டின் மறுபக்கத்தையும் அதே அக்கறையோடு கற்பிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கட்டபொம்மன் 1799 அக்டோபரில் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். அவருடைய தம்பி ஊமைத்துரை 1801 பிப்ரவரியில் இதே பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி, பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை மீண்டும் எழுப்பினார். சுவிசேஷம் வந்த கடல்வழியிலேயே கிழக்கிந்தியக் கம்பெனியின் பீரங்கியும் வந்தது. இரண்டையும் ஒன்றாக்கிக் குழப்பாமலும், ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைக்காமலும் பிள்ளைக்கு எடுத்துச் சொல்வது கிறிஸ்தவத் தாயின் கடமை. இத்திட்டத்தின் பழைய நூல்களில் சில பேரரசைப் பெருமையோடு பேசுகின்றன. பிற இனத்தவரைத் தாழ்த்தும் சொற்களும் ஆங்காங்கே உண்டு. சில நூல்களுக்குத் திட்டத்தை அமைத்தவர்களே எச்சரிக்கைக் குறிப்பு தந்திருக்கிறார்கள் என்றாலும், ஒவ்வோர் அதிகாரத்தையும் தாய் முன்கூட்டியே வாசித்துவிடுவது நல்லது.

பாடல்களை மாற்றியமைப்பது எளிது. மாதம் ஒரு ஞானப்பாட்டைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது திட்டம். நாங்கள் ஒரு மாதம் மேலைநாட்டு மெட்டில் பாடும் பாமாலையும் மறு மாதம் நம் நாட்டு இராகங்களில் பாடும் கீர்த்தனையும் எடுத்துக்கொள்கிறோம். 1774-இல் இம்மண்ணில் பிறந்து தஞ்சையில் சுவார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்த வேதநாயகம் சாஸ்திரியாரின் கீர்த்தனைகளைக் குடும்ப ஜெபத்தில் பாடும்போது, வரலாற்றுப் பாடத்தில் கேட்ட பெயர் பிள்ளைகளுக்கு நினைவுக்கு வருகிறது. இரண்டாம் ஆண்டில் ஜான் பனியனின் மோட்சப் பயண நூல் வருகிறது. அதைத் தழுவியே நம் நெல்லை மண்ணின் எச். ஏ. கிருஷ்ண பிள்ளை இரட்சணிய யாத்திரிகத்தைப் பாடினார். அது 1894-இல் நூலாக வெளிவந்தது. காப்பியம் முழுவதும் சிறு பிள்ளைக்கு ஏற்றதன்று. ஆயினும் தேவாரச் சாயலில் அமைந்த அதன் பகுதிகளிலிருந்து சில பாடல்களை மனப்பாடம் செய்ய வைத்தால், கதை ஏற்கெனவே தெரிந்திருப்பதால் செய்யுளின் கடினம் பாதியாகக் குறைகிறது. வேறு எந்தப் பாடத்திலும் ஆங்கிலமும் தமிழும் எங்கள் வீட்டில் இவ்வளவு அழகாகக் கைகோத்ததில்லை.

இயற்கைப் பாடத்தில் வரும் நூல்கள் வட அமெரிக்கப் பறவைகளையும் பூக்களையும் பேசுகின்றன. அந்த நூல்களை ஒதுக்கிவிட்டு, வாரம் ஒருமுறை வெளியே சென்று கண்டதை வரைந்து குறிப்பெழுதும் வழக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டால் போதும். தாமிரபரணிக் கரையிலும் வயல்வெளிக் குளங்களிலும் பார்ப்பதற்குக் குறைவில்லை. குளிர்காலத்தில் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக்கு வந்து சேரும் வரித்தலை வாத்து இமயமலையைக் கடந்து வருகிறது என்று அறிந்தபோது, என் மகன் தானாகவே நிலப்படத்தை எடுத்துவந்து வழியைத் தேடினான்.

கணக்குக்கு இத்திட்டம் ஒரே நூலை வகுத்துத் தருவதில்லை; நாமே தேர்ந்துகொள்ள வேண்டும். எங்களுக்கு அரசுப் பாடநூல்களே போதுமானவையாக இருக்கின்றன. உரிமைக்காலம் முடிந்த பழைய நூல்கள் பல குட்டன்பர்க் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. லிப்ரிவாக்ஸ் என்ற இணையதளத்தில் அவற்றின் ஒலிவடிவமும் உண்டு. தேவையான பக்கங்களை அச்செடுத்து ஸ்பைரல் பைண்டிங் செய்துகொள்வதே எங்கள் பெரிய செலவு. பதிப்புரிமை உள்ள புதிய நூல்களை வெளிநாட்டிலிருந்து வரவழைக்க முனைந்தால்தான் விலை கையைச் சுடும். அவற்றுக்குப் பதிலாக வேறு நூல்களைப் பயன்படுத்துவதால் திட்டம் குலைந்துவிடாது.

இது எல்லாருக்கும் ஏற்றது என்று சொல்ல மாட்டேன். நூற்றாண்டுக்கு முந்தைய ஆங்கில உரைநடையைத் தாயே தயக்கமின்றி வாசித்துப் பொருள் சொல்ல இயலாவிட்டால், முதல் பருவத்திலேயே சோர்வு வந்துவிடும். மேல் வகுப்புகளில் வாசிப்பின் அளவும் மிகுதி. கைக்குழந்தையோடும் வெளிவேலையோடும் இருக்கும் தாய் பாதி நூல்களை மட்டும் எடுத்துக்கொண்டு நிதானமாகச் செல்வது நல்லது. மதிப்பெண் பட்டியலைப் பார்த்தால்தான் மன நிறைவு என்னும் குடும்பத்துக்கும் இது பொருந்தாது.

சான்றிதழ் எதுவும் இத்திட்டத்தால் கிடைக்காது. உயர்கல்விக்குச் செல்ல நினைக்கும் பிள்ளைக்குத் தேசிய திறந்தநிலைப் பள்ளிக் கல்வி நிறுவனத்தின் வழி திறந்திருக்கிறது. பதினான்கு வயது நிறைந்த பிள்ளை பத்தாம் வகுப்புக்கு இணையான தேர்வுக்குப் பதிவு செய்துகொண்டு, குறைந்தது ஐந்து பாடங்களில் தேர்ச்சி பெற வேண்டும். பொதுத் தேர்வுகள் ஆண்டுக்கு இருமுறை நடைபெறுகின்றன. அதற்கு ஓராண்டு முன்பிருந்தே ஆம்பிள்சைடு நூல்களைக் குறைத்து, அந்த நிறுவனத்தின் பாடநூல்களைக் காலை வேளைக்குக் கொண்டுவர எண்ணியிருக்கிறேன். வேத வாசிப்பும், திரும்பச் சொல்லுதலும், வாராந்திர இயற்கைக் குறிப்பேடும் அப்போதும் தொடரும். பள்ளியிலிருந்து இடையில் விலகி வரும் பிள்ளையை வயதுக்கு நேரான ஆண்டில் சேர்க்காமல், ஓரிரு ஆண்டுகள் கீழே தொடங்குங்கள். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு இரண்டாம் ஆண்டின் நூல்கள் சரியாக இருக்கும்.