வாடகை நெல் டிரையர்: மெஷின் கொள்ளாம், டீசல் பில்லுதான் தொண்டையில நிக்கி

இந்த கன்னிப்பூ (மொத போகம்) அறுப்புல மொத தடவையா நெல்லு காய வைக்கிற டிரையர் மெஷின் வாடகைக்கு எடுத்தேன். தேரூர் பக்கம் நாலஞ்சு பேரு எப்டி இருக்கு, எடுக்கலாமான்னு கேட்டுட்டே இருக்காவ, ஒவ்வொருத்தருக்கா போன்ல சொல்லி முடியல, அதான் இங்க எழுதுதேன். ஆளு பேரும் கம்பெனி பேரும் போடல, குறையும் சொல்லப் போறேன், அந்த பையனும் லோன் போட்டுதான் மெஷின் வாங்கியிருக்கான் பாவம்.

நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துல கன்னிப்பூ அறுப்பும் ஐப்பசி மழையும் கைகோத்துட்டு வரும், இது யாருக்கும் சொல்லித் தர வேண்டாம். காலைல அறுப்பு மெஷின் வயல்ல எறங்குது, மத்தியானம் ரெண்டு மணிக்கு தாடகை மலை பக்கம் கறுத்துட்டு வருது. ரோட்டுல காயப் போட்டா படுதா மூடவும் தொறக்கவுமே ஆளு கூலி போயிரும். மூணு நாளு மூடிக் கெடந்தா உள்ள சூடேறி புழுங்கின வாடை வந்துரும், அதுக்கு மேல போனா முளை. கொள்முதல் நிலையத்துல ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல இருந்தா திருப்பி விட்டுருவாவ. என் நெல்லு அம்பை 16 ரகம், ஒரு ஏக்கர், 2 டன் கிட்ட, ஈரப்பத மீட்டர்ல 22 சதவீதம் காட்டுச்சு. வேற வழி இல்லாம டிரையர்கார பையனுக்கு போன் போட்டேன்.

சொன்ன நேரத்துக்கு வந்தான், அதுக்கே ஒரு ஸ்டார் கொடுக்கலாம். டிராக்டர் பின்னாடி இழுத்துட்டு வர்ற டைப், பாக்க பெரிய அண்டா மாதிரி இருக்கும், நெல்லு கீழ இருந்து மேல ஏறி திரும்ப விழுந்து சுத்திட்டே இருக்கும், பக்கத்துல டீசல் பர்னர் சூடு காத்து அடிக்கும். விதைநெல்லுக்கு 43 டிகிரிய தாண்டக் கூடாதுன்னு அவனே சொன்னான், அரவைக்கு போற நெல்லுன்னா கொஞ்சம் கூட்டலாமாம். சீக்கிரம் முடியட்டும்னு சூட்ட ரொம்ப ஏத்தி விட்டா அரிசிக்குள்ள விரிசல் விழுந்து மில்லுல பாதி நொய்யா வந்துரும், அதனால ஆளு அவசரப்பட்டாலும் மெஷின அவசரப்படுத்த விடாதிய. எனக்கு 22ல இருந்து 14க்கு வர 7 மணி நேரம் ஆச்சு. எங்கப்பா ஒரு மணிக்கூறுக்கு ஒருக்கா கைய விட்டு ரெண்டு நெல்லு எடுத்து பல்லுல வச்சு கடிச்சு பாத்துட்டே இருந்தாரு, மாவு மாதிரி நசுங்குனா தலைய ஆட்டிட்டு போயிருவாரு, கடைசியில 'கடக்'னு சத்தம் வந்தப்பதான் மொகத்துல சிரிப்பு.

அப்புறம் எடை போட்டப்ப சிரிப்பு போச்சு. 2,000 கிலோ 1,800 சொச்சமா கொறஞ்சிருக்கு, நெல்ல மெஷின் தின்னுட்டான்னு சண்டைக்கு நின்னாரு. இல்லப்பா, 22க்கும் 14க்கும் நடுவுல போனது தண்ணி, கணக்குப் போட்டா 186 கிலோ வருதுன்னு செல்போன்ல காட்டினேன். அவரு நம்பல. எனக்கும் அந்த கணக்குதான் யோசனைய கெளப்பிச்சு, ஏன்னா 186 கிலோ தண்ணிய ஆவியாக்கத்தான் இவ்ளோ டீசலும் எரிஞ்சிருக்கு. மெஷின் வாடகை மணிக்கு 600 வச்சு 4,200. பர்னருக்கும் டிராக்டருக்கும் சேத்து டீசல் 45 லிட்டர், லிட்டர் 93 ரூவா வச்சு அதுவும் 4,200 கிட்ட. கிலோவுக்கு நாலரை ரூவாக்கு மேல வருது. கொள்முதல் வெலை 2025-26ல சாதா ரகத்துக்கு குவிண்டால் 2,500, அப்ப கிலோ 25 ரூவா நெல்லுக்கு நாலரை ரூவா காய வைக்க மட்டும். வெயிலு இருந்திருந்தா ரெண்டு ஆளு கூலி 1,600ல சோலி முடிஞ்சிருக்கும்.

இத அத்தை மவன்ட்ட பொலம்புனேன், அவன் கனடாவுல சஸ்காட்செவன் மாகாணத்துல ஒரு பண்ணையில வேலை பாக்கான். "உனக்கு மழை, எங்களுக்கு ஐஸு மச்சான், இங்க டிரையர் இல்லன்னா பொழப்பே இல்ல"ன்னான். கோதுமை 14.5 சதவீதம், கடுகு மாதிரி இருக்க கனோலா 10 சதவீதம், இதுக்கு மேல ஈரம் இருந்தா அங்க காஞ்ச தானியம்னு ஒத்துக்க மாட்டாவ. அறுப்பு நேரத்துல வெயிலுக்கு வேகமே கெடையாது, புரொப்பேன் கேஸ் இல்லன்னா இயற்கை எரிவாயு வச்சு டிரையர் ஓட்டியே ஆகணும். 2019ல கனடா ஒன்றிய அரசு கார்பன் வரி போட்டாவ, அதாவது எரிபொருள் எரிச்சா வர்ற கார்பன் புகைக்கு வரி, புகை டன்னுக்கு 20 டாலர்ல தொடங்கி 2024ல 80 டாலர். புரொப்பேன் லிட்டருக்கு 3 சென்ட் சொச்சமா இருந்த வரி 12 சென்ட்டுக்கு மேல போச்சு. டிராக்டருக்கு ஊத்துற டீசலுக்கு விலக்கு இருந்துச்சு, டிரையர்ல எரியுற புரொப்பேனுக்கு இல்ல, இதுதான் சண்டையே. வண்டி ஓட்டுனா விவசாயம், காய வைச்சா விவசாயம் இல்லயாங்குறது அங்க உள்ளவனுவ கேள்வி. நியாயமான கேள்விதான்.

விலக்கு கொடுக்க சி-234னு ஒரு மசோதா 2023 மார்ச்சுல கீழ்சபையில பாஸாச்சு, டிசம்பர்ல செனட்டு அதுல கைய வச்சு கால்நடை கொட்டகைய கழட்டிட்டு தானிய டிரையருக்கு மட்டும்னு சுருக்கிச்சு, திரும்ப கீழ வந்தது அப்படியே கெடந்து சட்டமாகவே இல்ல. வரிய திருப்பித் தரோம்னு ஒரு திட்டமும் இருந்துச்சு, ஆனா அது டிரையருக்கு எரிச்ச கேஸ் கணக்குல இல்ல, மொத்த பண்ணை செலவு கணக்குல, அப்ப ஈர வருசத்துல ராப்பகலா டிரையர் ஓட்டுனவனுக்கும் டிரையரே வைக்காதவனுக்கும் ஒரே கணக்கு. எதிர்க்கட்சிக்காரன் வரிய ஒழின்னு அதையே கோஷமாக்கினான், கடைசியில 2025 ஏப்ரல் 1ல இருந்து அந்த எரிபொருள் வரிய ஆளுங்கட்சியே பூஜ்யமாக்கிட்டு, புது பிரதமர் கார்னி அந்த மாசமே தேர்தல்லயும் ஜெயிச்சிட்டாரு. அரசியல்னா இதான்.

எனக்கு இதுல ஒறைச்சது வேற. அங்க கேஸ் பில்லுல கார்பன் வரின்னு தனியா ஒரு வரிசையில எழுதியிருந்துச்சு, அதுக்கு மேல ஜிஎஸ்டியும் இருந்துச்சு, அத போட்டோ புடிச்சு போட்டு போட்டுத்தான் சண்டை வளந்துச்சு. என் பில்லுல என்ன இருக்கு? 'டீசல் 45 லி' அவ்வளவுதான். அதுக்குள்ள கலால் இருக்கு, மாநில வாட் இருக்கு, 2021 பட்ஜெட்ல போட்ட விவசாய உள்கட்டமைப்பு செஸ் (கூடுதல் வரி) டீசலுக்கு லிட்டருக்கு 4 ரூவா இருக்கு. பேர பாத்தியளா, விவசாயத்துக்காம். நெல்லு காய வச்சதுக்கு 45 லிட்டருக்கு 180 ரூவா அந்த கணக்குல போயிருக்கு, என் களத்துல ஒரு சிமெண்டு தளம் கூட இல்ல. நிலக்கரிக்கும் நம்ம நாட்டுல 2010ல இருந்து டன்னுக்கு 50 ரூவா செஸ்ஸு வந்து 2016ல 400 ஆச்சு, 2025 செப்டம்பர்ல அத எடுத்துட்டு ஜிஎஸ்டிய 5ல இருந்து 18 ஆக்கினாவ, நாகர்கோவில்ல ஒரு டீக்கடையில யாராவது அதப்பத்தி பேசிக் கேட்டியளா? கரண்டு பில்லுல எழுதல, அப்ப சண்டையும் இல்ல. புகை வரி வேண்டாம்னு நான் சொல்ல வரல, மழை மாறுறத வயல்ல நின்னு பாக்க ஆளு நாங்கதான். ஆனா எடுக்கறத பில்லுல எழுதி எடுங்க.

சரி ரிவ்யூக்கு வாறேன். மெஷினுக்கு 4, ஆளுக்கு 4, பில்லுக்கு 2.

குறை ரெண்டு. ஒண்ணு மீட்டர். அவன் மீட்டர்ல 14.2, மறுநாள் வியாபாரி மீட்டர்ல 15.6. ரெண்டு பேரும் ஒருத்தன ஒருத்தன் கள்ளன்னு சொன்னானுவ, விசயம் என்னன்னா சுடச்சுட நெல்ல எடுத்து பாத்தா மீட்டர் சரியா காட்டாது, உள்ள உள்ள ஈரம் வெளிய வர நேரம் புடிக்கும், ஆற வச்சுதான் பாக்கணும். அத அவன் எனக்கு சொல்லியிருக்கணும். ரெண்டாவது பர்னர். நம்ம ஊருல சிரட்டைக்கும் ரப்பர் வெறகுக்கும் பஞ்சமா? ரப்பர் ஷீட்டு போடுறவங்க புகைப்பெரையில வெறகு எரிச்சுதான காலங்காலமா காய வைக்காவ. வெறகு அடுப்பு வச்ச டிரையரும் வருது, பர்னர மாத்துனா டீசல் பாதிக்கு மேல மிச்சம்னு சொன்னேன், "யோசிக்கேன் அண்ணாச்சி"ன்னான்.

கும்பப்பூவுக்கு (ரெண்டாம் போகம்) கூப்பிட மாட்டேன், மாசி வெயிலுக்கு மெஷின் எதுக்கு. அடுத்த கன்னிப்பூவுக்கு புக் பண்றவங்க ரெண்டு மூணு பேரா சேந்து ஒரே நாள்ல எடுங்க, டிராக்டர் வந்து போற கூலி மிச்சம். ஒரு மீட்டர் கடன் வாங்கியாவது கையில வச்சுக்கிடுங்க, இல்லன்னா எங்கப்பா மாதிரி பல்லு நல்லா இருக்க ஒரு ஆள கூட்டிட்டு போங்க.