அசுவினிக்கு வேப்பெண்ணெயா, இஞ்சி-பூண்டா, பொறிவண்டா? வடசென்னை மாடிக்கு ஒத்துவருவது எது

தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை பக்கம் மாடியில் அவரை போட்டவர்களுக்கு மார்கழி, தை என்றாலே தெரியும். பூ எடுக்கிற நேரம் பார்த்து நுனிக் கொழுந்தில் எள்ளை அள்ளித் தூவின மாதிரி கருப்பாக, செடியின் சாற்றை உறிஞ்சும் குட்டிப் பூச்சியான அசுவினி வந்து உட்கார்ந்துவிடும். மருந்து கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். எங்கள் மாடியில் அவரை, வெண்டை, கத்திரி, செம்பருத்தி இருக்கின்றன. ஒவ்வொன்றாகச் செய்து பார்த்துவிட்டு நான் கடைசியில் வேப்பெண்ணெயில் நின்றுவிட்டேன், அதுவும் சோப்பு போட்டது இல்லை, பூந்திக்கொட்டை போட்டது.

தண்ணீரைப் பீய்ச்சி அடிப்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். கொஞ்சமாக இருக்கும்போது கொழுந்தை ஒரு கையில் தாங்கிப் பிடித்து அடித்தால் உதிர்ந்துவிடும், செலவும் இல்லை. ஆனால் அசுவினியில் பெண் பூச்சி ஆண் துணையே இல்லாமல் குட்டி போடும், அந்தக் குட்டி ஒரு வாரம் பத்து நாளில் தானும் குட்டி போட ஆரம்பிக்கும், அதனால் தப்பித்த ஒன்றிரண்டே போதும், கொடி மறுபடி கருத்துவிடும். புளித்த மோரைப் பலர் சொல்கிறார்கள். அசுவினிக்கு அது பெரிதாக வேலை செய்து நான் பார்க்கவில்லை.

இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாய் அரைத்த கரைசல் காரமாகத்தான் இருக்கிறது, பூச்சியும் குறைகிறது. வயலில் அடிப்பவர்களுக்கு நல்லதுதான். இங்கே சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள், சாயங்காலம் கடல்காற்று வேறு. நம் மாடியில் அடித்தது பக்கத்து மாடியில் காயும் துணியிலும் விளையாடும் குழந்தை கண்ணிலும் போய் விழும். அந்த ஒரு காரணத்துக்காகவே நான் அதை விட்டுவிட்டேன்.

பொறிவண்டுதான் உண்மையில் இதற்கெல்லாம் மேல். அதன் புழு வண்டு மாதிரியே இருக்காது; கருப்பாக, நீளமாக, ஆரஞ்சுப் புள்ளிகளோடு குட்டி முதலையாட்டம் ஊரும். பூச்சி என்று நினைத்து நசுக்கிவிடாதீர்கள், அது ஒன்றே வளர்ந்து முடிவதற்குள் நூற்றுக்கணக்கான அசுவினியைத் தின்றுவிடும். இயற்கை எதிரிகளின் பலம் தெரிய வேண்டுமானால் பப்பாளி மாவுப்பூச்சியைப் பாருங்கள். 2008இல் கோயம்புத்தூரில் தென்பட்டுப் பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று அழித்துக்கொண்டிருந்ததை, 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து கொண்டுவந்த ஒட்டுண்ணிக் குளவிகள்தான் (பூச்சியின் உடலுக்குள் முட்டையிட்டு அதைக் கொல்லும் குட்டிக் குளவிகள்) அடக்கின. ஆனால் மாடியில் பொறிவண்டு நாம் கூப்பிட்டு வருவதில்லை. அசுவினி பெருகிய பிறகுதான் தேடி வரும், வந்தாலும் எறும்பு விடாது. அசுவினி கழிக்கும் இனிப்புத் திரவத்துக்காக எறும்புகள் அதைக் காவல் காக்கின்றன. ஸ்டாண்டு கால்களில் கிரீஸ் தடவி எறும்பை நிறுத்தினால் பாதி வேலை முடிந்தது.

இப்போது வேப்பெண்ணெய். இதில் எல்லாமே தண்ணீரைப் பொறுத்துத்தான் இருக்கிறது, இதைச் சொல்லித்தருபவர்கள் யாரும் தண்ணீரைப் பற்றிப் பேசுவதே இல்லை. எண்ணெய் தண்ணீரில் தானாகக் கலக்காது, அதற்குத்தான் சோப்பு. நம் பக்கத்து போர் தண்ணீர் எப்படி என்று பக்கெட்டில் படியும் வெள்ளையைப் பார்த்தாலே தெரியும்; மீஞ்சூர் பக்கம் நிலத்தடியில் கடல்நீர் ஏறியதும் பழைய கதை. அந்த உப்புத் தண்ணீரில் இருக்கும் கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து திரிதிரியாகத் திப்பியாகிவிடும், நுரை வராது, எண்ணெய் மேலே மிதக்கும். ஸ்பிரேயர் குழாய் அடியிலிருந்து உறிஞ்சுவதால் முதலில் அடிக்கும் செடிகளுக்கு வெறும் தண்ணீர்தான் போகும், கடைசியில் அடிக்கும் செடிக்கு மட்டும் கலக்காத வெறும் எண்ணெய் விழுந்து இலை கருகும். நடுவில் திப்பி நாசிலை அடைத்துக்கொள்ளும். வேப்பெண்ணெய் வேலை செய்யவில்லை என்று இங்கே சொல்பவர்களில் பலருக்கு இதுதான் நடந்திருக்கும் என்பது என் எண்ணம். மெட்ரோ வாட்டரில் கலந்தால் சோப்பே போதும், ஆனால் குடத்தில் பிடித்து வைப்பதைச் செடிக்கு அடிக்க வீட்டில் யார் விடுவார்கள்?

பூந்திக்கொட்டையில் நுரையைத் தரும் சப்போனின் என்ற பொருள் சோப்பைப் போலத் திப்பியாவதில்லை, உப்புத் தண்ணீரிலும் நுரைக்கும். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். ஐந்தாறு கொட்டையை உடைத்து விதையை நீக்கிவிட்டு, தோலை ஒரு டம்ளர் தண்ணீரில் இரவு ஊறவைத்து, காலையில் கசக்கி துணியில் வடிகட்டி வைத்துக்கொள்ளுங்கள். சாயங்காலம் அடிக்கும்போது அந்தச் சாற்றில் 5 மில்லி வேப்பெண்ணெயை விட்டுப் பால் நிறமாகும்வரை குலுக்கி, அப்புறம் ஒரு லிட்டருக்குத் தண்ணீர் சேருங்கள். சிறிது நேரம் அப்படியே வைத்துப் பாருங்கள், மேலே மஞ்சள் வளையம் கட்டினால் இன்னும் கலக்கவில்லை என்று அர்த்தம். எண்ணெய் செக்கு எண்ணெயாக இருக்கட்டும், விளக்கேற்ற விற்கும் கலப்பு எண்ணெய் வேண்டாம்.

வெயில் தாழ்ந்த பிறகு, இலைக்கு அடியில் படும்படி அடிக்க வேண்டும். வேம்பில் வேலை செய்யும் அசாடிராக்டின் வெயிலில் சீக்கிரம் சிதைந்துவிடும், அதனால்தான் வாரம் ஒருமுறை திரும்ப அடிக்க வேண்டியிருக்கிறது, மிச்சத்தை எடுத்து வைப்பதிலும் பயனில்லை. மறுநாளே எல்லாம் செத்துக் கிடக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். எண்ணெய் மூடிய பூச்சி மூச்சு முட்டிச் சாகும், மற்றவை சரியாகத் தின்னாமலும் தோலுரிக்க முடியாமலும் மெதுவாகக் குறையும். பொறிவண்டுப் புழு இருக்கும் செடியை மட்டும் விட்டுவிடுங்கள், எண்ணெய் அதன்மேல் பட்டால் அதுவும் போய்விடும்.

வேப்பங்கொட்டைக் கரைசலும் நல்லதுதான், லிட்டருக்கு 50 கிராம் பருப்பை இடித்து இரவு ஊறவைத்து வடிகட்டுவார்கள். ஆனால் கொட்டை ஆனி, ஆடியில் உதிரும், அசுவினி வருவதோ மார்கழியில்; அதுவரை பூசணம் பிடிக்காமல் நிழலில் உலர்த்திப் பாதுகாக்க இடம் உள்ளவர்களுக்குத்தான் அது சரிப்படும்.

மணலி, எண்ணூர் பக்கம் இருப்பவர்கள் ஒன்று கவனியுங்கள். இலையில் ஏற்கெனவே தூசி படிந்திருக்கும், எண்ணெய் அடித்தால் இன்னும் ஒட்டும். அதனால் முந்தின நாளே இலையைக் கழுவிவிடுங்கள், தூசி இருந்தால் இலைச்சாற்றை உறிஞ்சும் பொடிப் பேனான செம்பேனும் பெருகும். செம்பேனுக்கு இந்தக் கலவை எவ்வளவு கேட்கும் என்று சொல்லும் அளவுக்கு எனக்கு அனுபவம் இல்லை. செம்பருத்தி மாவுப்பூச்சிக்கு நேரடியாக அடித்தால் மேலிருக்கும் மெழுகுப்பூச்சில் வழிந்துவிடும், முதலில் பூந்திக்கொட்டைச் சாற்றில் நனைத்த பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து எடுத்துவிட்டு அப்புறம் அடியுங்கள். அப்பிக் கிடக்கும் கிளையாக இருந்தால் வெட்டி, பையில் போட்டுக் கட்டிக் குப்பை வண்டியில் கொடுத்துவிடுங்கள், உரத்தொட்டியில் போட வேண்டாம்.