யூத வெறுப்பை அளக்க எந்த ஆய்வு?

யாரிடம் கேட்டார்கள்?
ஏடிஎல் என்ற, யூத வெறுப்பை எதிர்க்கும் அமெரிக்க அமைப்பு (2014): 102 நாடுகள், பகுதிகளில் 53,100 பொதுமக்களிடம்.
ஐரோப்பிய ஒன்றியத்தின் அடிப்படை உரிமைகள் முகமை (2018): 12 நாடுகளில் 16,395 யூதர்களிடம்.

எதை அளந்தார்கள்?
ஏடிஎல்: யூதர்களைப் பற்றிய 11 எதிர்மறைக் கூற்றுகளில் ஆறுக்காவது ‘உண்மையாக இருக்கலாம்’ என்றவர்களை யூத வெறுப்பாளர்கள் என்றது. அது 26 சதவீதம். ஐந்தை ஏற்றவர் இந்தக் கணக்கில் வருவதில்லை. அந்தக் கோடு எனக்கு உறுத்துகிறது.
முகமை: பட்ட அனுபவத்தை. 28 சதவீதத்தினர் அதற்கு முந்தைய ஓராண்டில் யூதர் என்பதற்காகத் தொல்லைக்கு ஆளாகியிருந்தார்கள். ஆனால் இது விரும்பியவர்கள் இணையத்தில் நிரப்பியது, எல்லா யூதர்களுக்கும் அப்படியே பொருத்தக்கூடாது.

நாடுகளின் மனப்போக்கை ஒப்பிட ஏடிஎல் சரி. பாதுகாப்புத் திட்டம் வகுப்பவர்கள் முகமை ஆய்வைத்தான் முதலில் படிக்க வேண்டும்.