42,000 ரூபா போச்சு! பழைய 35 எம்எம் லென்ஸ் வாங்குற ஆக்கள் கவனம்

பழைய கமராச் சாமான் கைமாறுற இணையக் குழு ஒண்டில ஜூபிட்டர்-12 எண்ட சோவியத் காலத்து லென்ஸ் விலைக்குப் போட்டிருந்திச்சு. 35 எம்எம், எப் 2.8, கமராவில திருகிப் பூட்டுற எம்39 வகை. "கண்ணாடி சுத்தம், பங்கஸ் (பூஞ்சணம்) இல்ல", விலை 42,000 ரூபா. டோர்ச் அடிச்சுக் காட்டச் சொன்னன். அஞ்சு நிமிசத்தில வீடியோ வந்திச்சு. அதிலதான் நம்பிக் காசு போட்டன். இப்ப திருப்பிப் பார்த்தா, அப்பர்ச்சரை (வெளிச்சம் போற ஓட்டையை) எப் 11இல சுருக்கி வச்சு முன்பக்கத்தாலதான் டோர்ச் அடிச்சிருக்கார். அப்படி அடிச்சா உள்ளுக்கு மூட்டம் (மங்கலான படலம்) பிடிச்ச லென்ஸும் பளிங்காத்தான் தெரியும்.

பார்சல் மட்டக்களப்புக்கு வந்த உடனே பின்மூடியைக் கழட்டினன். இது ஜெர்மனியின்ர சைஸ் (Zeiss) கம்பனி செய்த பயோகொன் லென்ஸின்ர வழி வந்தது. பின்கண்ணாடி பல்ப் மாதிரிப் புடைச்சு வெளிய நிக்கும், அதுக்கு ஆழமான மூடி வேணும். இந்த மனுசன் தட்டை மூடியைப் போட்டு அமத்தியிருக்கார். கண்ணாடி நடுவில வட்டமா உரசல். முன்கண்ணாடிக் கீறல் படத்தில பெரிசாத் தெரியாது, பின்கண்ணாடியில விழுந்தா தெரியும்.

அடுத்த நாள் விடிய கல்லடிப் பாலத்தில வெயிலுக்கு எதிரா எடுத்த படம் முழுக்கப் பால் ஊத்தின மாதிரி. கறுப்பு எண்ட நிறமே இல்ல.

கோல் எடுத்தா, "பழைய லென்ஸ் அப்படித்தான் தம்பி, அதுதான் அழகு." ரெண்டாம் தரம், "உங்கட ஊர் வாவிக் காத்து, அங்கதான் பங்கஸ் பிடிச்சிருக்கும்." ஒரு ராவிலயா? பங்கஸ் எண்டா நூல் நூலா ஓடும். இது உள்ளுக்குப் போட்ட கிரீஸ் எண்ணெய் ஆவியாகி வருசக்கணக்கில படிஞ்ச படலம். மூண்டாம் தரம் கூரியரில பழி. பிறகு பிளொக். 42,000 ரூபா!

வாங்கிறது எப்படியெண்டு விரிவா எழுதத்தான் இருந்தன், இப்ப மனசு சரியில்ல. அப்பர்ச்சரை எப் 2.8இல முழுசாத் திறந்து, டோர்ச்சைப் பின்பக்கத்தால சரிச்சு அடிச்ச வீடியோ கேளுங்க. பின்கண்ணாடிப் படம் தராட்டி காசு போட வேணாம். "எல்லா மிரர்லெஸ்லயும் (உள்ளுக்குப் பிரதிபலிக்கிற கண்ணாடி இல்லாத டிஜிட்டல் கமராவிலயும்) போகும்" எண்டு சொன்னா நம்பாதீங்க, சில கமராவில பின்கண்ணாடி உள்ளுக்கு முட்டும். முதல்ல போகஸை 1 மீற்றரில வச்சுக் கமராவில பூட்டி, பிறகு இன்பினிட்டிக்கு (ஆகத் தூரத்துக்கு) மெல்லத் திருப்புங்க, இன்பினிட்டியிலதான் கண்ணாடி ஆக உள்ளுக்குப் போகும். திருப்பக்குள்ள கொஞ்சம் இறுகினாலும் நிப்பாட்டுங்க. பார்சலைப் பிரிக்கக்குள்ள வீடியோ எடுங்க, நான் எடுக்கல.